இனிமை, புகல், ஆர்த்தி: ஆசார்யனைப் பாடிய மூன்று ப்ரபந்தங்கள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

சித்திரைத் திருவாதிரை நெருங்குந்தோறும் அடியார்களின் திருவுள்ளம் ஸ்ரீபெரும்பூதூரை நோக்கித் திரும்புகிறது. கி.பி. 1017ஆம் ஆண்டு, கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக எம்பெருமானார் அவதரித்த ஊர் அது. ஆழ்வார்களின் மங்களாசாஸனம் பெற்ற திவ்யதேசங்களின் வரிசையில் அவ்வூர் இல்லை. ஆதிகேசவப் பெருமாள் அங்கே எழுந்தருளியிருந்தும், ஊரின் பெருமை பெரிதும் ஆசார்யனால் வந்த பெருமையாகவே நிற்கிறது. ஆகவே, ஆசார்யனையே பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு எழுந்த ப்ரபந்தங்களை ஒருசேர அநுபவிப்பதற்கு இவ்வூரை நினைத்துத் தொடங்குவது பொருத்தமாகும்.

அத்தகைய ப்ரபந்தங்களுள் மூன்றை இக்கட்டுரையில் ஒப்புநோக்குவோம். முதலாவது, மதுரகவியாழ்வார் நம்மாழ்வார் விஷயமாக அருளிச்செய்த கண்ணிநுண் சிறுத்தாம்பு. இரண்டாவது, திருவரங்கத்தமுதனார் எம்பெருமானார் விஷயமாக அருளிச்செய்த இராமாநுச நூற்றந்தாதி. மூன்றாவது, மணவாள மாமுனிகள் அதே எம்பெருமானார் விஷயமாக அருளிச்செய்த ஆர்த்தி ப்ரபந்தம். பாசுரத் தொகை முறையே 11, 108, 60. மூன்றுக்கும் பொருள் ஒன்றே: ஆசார்யன் திருவடிகளே உபாயமும் உபேயமும் என்னும் சரமபர்வ நிஷ்டை. ஆயினும் ஒன்றை அநுஸந்தித்துவிட்டு மற்றொன்றுக்குச் செல்பவர், குரல் மாறுவதை உடனே உணர்வர். முதலாவதில் நாவு தித்திக்கிறது. இரண்டாவதில் நெஞ்சு புகலிடம் கண்டு நிலைகொள்கிறது. மூன்றாவதில் உயிர் துடிக்கிறது.

இதனைக் கண்டு அடியார்கள் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. மதுரகவிகளுக்கு ஊறிய அமுது என் நாவில் ஊறவில்லை. மாமுனிகளுக்கு இருந்த துடிப்பு என் நெஞ்சில் இல்லை. அவ்வாறிருக்க, அப்பாசுரங்களை என் சொல்லாக நான் சொல்வது பொய்யாகாதோ? இவ்வையம் சிறியதன்று. நாள்தோறும் ப்ரபந்தம் சேவிப்பவரை ஒருநாள் வாய்மூடச் செய்துவிடும் வலிமை இதற்கு உண்டு. மூன்று ப்ரபந்தங்களின் சுவைகளையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தால், இதற்கு விடை அப்ரபந்தங்களுக்குள்ளேயே இருப்பது புலப்படும்.

கண்ணிநுண் சிறுத்தாம்பு: கண்டவரின் இனிமை

மதுரகவிகள் திருக்கோளூரில் அவதரித்தவர். வடதேச யாத்திரையில் இருக்கையில் தென்திசையில் ஒரு பேரொளியைக் கண்டு, அதனைப் பின்பற்றி வந்து, திருக்குருகூரில் திருப்புளியின் அடியில் எழுந்தருளியிருந்த நம்மாழ்வாரைக் கண்டடைந்தார் என்பது குருபரம்பரை வரலாறு. ஆசார்யனைக் கண்ணாரக் கண்டு, அவர் திருவாக்கைச் செவியாரக் கேட்டு, கையாரக் கைங்கர்யம் செய்தவர் அவர். அந்த அண்மையே இப்ரபந்தத்தின் சுவையைத் தீர்மானிக்கிறது.

முதற்பாசுரத்திலேயே அவர் கண்ணனின் எளிமையைச் சொல்லத் தொடங்கி, அங்கே நில்லாமல், ஆழ்வார் திருநாமத்தைச் சொல்லும்போது தம் நாவில் ஊறும் அமுதத்துக்கு வந்துவிடுகிறார். தாம்பினால் கட்டுண்ட பெருமானைக் காட்டிலும் இனியதொன்றை நாவு கண்டுகொண்டது. அடுத்த பாசுரத்தில், இன்பம் அடைந்தாயிற்று, திருவடி சேர்ந்தாயிற்று, வேறு தெய்வம் அறியேன் என்கிறார். எம்பெருமானின் கரிய திருமேனியைக் காண்பதும் ஆழ்வாருக்கு ஆட்பட்டதால் தமக்கு வந்த நன்மை என்கிறார். பெருமானைக் காட்டித்தரும் வழியாக ஆசார்யனைக் கொள்வது உலகில் கண்ட முறை. இங்கே பெருமானின் ஸேவையே ஆசார்ய ஸம்பந்தத்துக்குக் கிடைத்த பரிசாகிறது.

இப்ரபந்தத்தின் வினைச்சொற்களை மட்டும் தனியே எடுத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அடைந்தேன், பெற்றேன், அருளினான், நிறுத்தினான் என்னும் முறையில் முற்றுப்பெற்ற செயல்களே மிகுதி. முன்பு பிறர் பொருளையும் பெண்டிரையும் நம்பிக் கழிந்த காலத்தைச் சொல்லும்போதும் அதில் அழுகை இல்லை. கடந்துவிட்ட பள்ளத்தைத் திரும்பிப் பார்ப்பவரின் நிம்மதி இருக்கிறது. பழவினைகளை ஆழ்வார் போக்கியதை எட்டுத் திசையும் அறியச் சொல்வேன் என்று பறைசாற்றும் மகிழ்ச்சி இருக்கிறது.

ஆயினும் ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். ஆழ்வாரைப் படர்க்கையில் வைத்தே பேசிவந்த மதுரகவிகள், பத்தாம் பாசுரத்தில் அவரை நேரே முன்னிலைப்படுத்துகிறார். பயன் இல்லாதவராயினும் தகுதி இல்லாதவராயினும் திருத்திப் பணிகொள்பவர் நீர் என்று சொல்லி, உம் திருவடிகளில் அன்பு உண்டாக முயல்கிறேன் என்று முடிக்கிறார். எல்லாம் பெற்றேன் என்று பாடியவருக்கு முயற்சி ஏன்? அன்பு என்பது பெற்று முடிந்துவிடும் பொருளன்று. பெற்ற பின்பும் பெருகவேண்டியது. இனிமையின் உச்சியில் ஒரு சிறு ஏக்கத்தை வைத்துவிட்டே இப்ரபந்தம் நிறைவை நோக்கிச் செல்கிறது. பின்வந்த இரண்டு ப்ரபந்தங்களும் இந்த விதையிலிருந்து கிளைத்தவை என்றே கொள்ளலாம்.

இராமாநுச நூற்றந்தாதி: திருந்தியவரின் புகல்

அமுதனார் எம்பெருமானாரின் காலத்தவர். திருவரங்கம் பெரியகோயிலின் நிர்வாகத்தைத் தம் கையில் வைத்திருந்தவர். தொடக்கத்தில் எம்பெருமானாருக்கு இசையாமல் இருந்து, கூரத்தாழ்வானால் திருத்தப்பெற்று ஆட்பட்டவர் என்று பெரியோர் கூறுவர். அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. நூற்றந்தாதியின் தொடக்கப் பகுதியிலேயே, கல்வி, செல்வம், குலம் ஆகியவற்றால் வரும் மூவகைச் செருக்காகிய குழியைக் கடந்த ஆழ்வானின் திருவடி சேர்ந்த பின்பே தமக்கு எம்பெருமானாரைப் பாடும் பேறு வாய்த்தது என்கிறார்.

மதுரகவிகள் தேடிச் சென்று கண்டார். அமுதனாரோ அருகிலேயே இருந்தும் நெடுநாள் காணாதிருந்தார். ஆகையால் இவர் குரலில் இனிமையுடன் வியப்பும் நாணமும் கலந்திருக்கின்றன. இவ்வளவு தாழ்ந்த எனக்கு இவ்வளவு பெரிய அருளா என்னும் வியப்பு நூல் முழுதும் திரும்பத் திரும்ப எழுகிறது. அதன் முதிர்ந்த நிலையை நாற்பத்தெட்டாம் பாசுரத்தில் காணலாம். ஒப்பற்ற என் தாழ்வுக்கு உம் அருளைத் தவிர வேறு புகல் இல்லை. உம் அருளுக்கும் என் தாழ்வைத் தவிர வேறு புகல் இல்லை என்பது அதன் கருத்து. தாழ்ந்தவன் அருளைத் தேடுகிறான் என்பதை எவரும் சொல்வர். அருளும் தனக்கு இடம் தேடி அலைகிறது, அதற்கேற்ற இடம் நானே என்று சொல்வதற்கு அமுதனாரின் வாழ்வே வேண்டும். குற்றமுணர்ந்த நெஞ்சம் தன் குற்றத்தையே உரிமைச் சீட்டாக மாற்றிக்கொள்கிறது.

இந்நூலின் மற்றொரு சிறப்பு, இடத்தைப் பற்றிய சிந்தனை. அறுபதாம் பாசுரத்தில் எம்பெருமானார் எங்கெல்லாம் சென்று புகுவார் என்பதை அமுதனார் மூன்றாகச் சொல்கிறார்: மெய்ஞ்ஞானியரின் யோகத்தில், திருவாய்மொழியின் இசை நிலைபெற்ற இடங்களில், திருமகள் கேள்வன் பொருந்தி வாழும் பதிகளில். எழுபத்தாறாம் பாசுரத்தில், திருவேங்கடமும் பரமபதமும் பாற்கடலும் உமக்கு எவ்வளவு இன்பம் தருமோ, அவ்வளவு இன்பத்தை உம் திருவடிகள் எனக்குத் தரும் என்கிறார். நூற்றாறாம் பாசுரத்திலோ இச்சிந்தனை ஒரு படிக்கட்டாகவே அமைகிறது. மாயவனுக்கு இருப்பிடம் வைகுந்தமும் வேங்கடமும் திருமாலிருஞ்சோலையும் என்பர் பெரியோர். அவ்விடங்களோடு கூட அவன் வந்து அமர்ந்தது இராமாநுசனின் திருவுள்ளத்தில். அந்த இராமாநுசன் இன்று மகிழ்ந்து வந்து அமர்ந்தது என் இதயத்தில். திருப்பதிகள் அனைத்தும் இரண்டே அடிவைப்பில் ஓர் அடியானின் நெஞ்சுக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன.

மதுரகவிகளுக்குக் குருகூர் ஒன்றே போதுமாயிருந்தது. அங்கே ஆசார்யன் திருமேனியுடன் எழுந்தருளியிருந்தார். அமுதனார் திருவரங்கத்தில் எம்பெருமானாரின் நிழலிலேயே வாழ்ந்தவர். எனினும் அவர் பாட்டில் ஆசார்யன் ஓர் ஊரில் அடங்குபவராக இல்லை. ஒருநாள் காணமுடியாமற் போகும் தலைமுறையினருக்கும் ஒரு முகவரியை அவர் எழுதிவைத்துவிட்டார்.

ஆர்த்தி ப்ரபந்தம்: காணாதவரின் துடிப்பு

அந்தத் தலைமுறையில் வந்தவர் மாமுனிகள். எம்பெருமானார் 1137இல் திருநாட்டுக்கு எழுந்தருளினார். மாமுனிகள் ஆழ்வார்திருநகரியில் அவதரித்தது 1370இல். இடையே 233 ஆண்டுகள். எம்பெருமானாரை அவர் அறிந்தது ஆசார்ய பரம்பரையின் வாயிலாகவும் அர்ச்சைத் திருமேனியின் வாயிலாகவுமே. தாமிரபரணி நீரைக் காய்ச்சியபோது வரப்போகும் ஆசார்யரின் திருவுருவமாக மதுரகவிகளுக்குக் கிடைத்ததென்று போற்றப்படும் பவிஷ்யதாசார்யர் திருமேனி ஆழ்வார்திருநகரியில் எழுந்தருளியிருக்கிறது. அதன் திருமுன்பே கைங்கர்யம் செய்து, வடமொழியில் யதிராஜ விம்சதியைச் சமர்ப்பித்தவர் மாமுனிகள். பின்னர் திருவரங்கத்தில் வாழ்ந்து, தம் இறுதிக் காலத்தில் ஆர்த்தி ப்ரபந்தத்தை அருளிச்செய்தார் என்பர்.

ஆர்த்தி என்பது துயரம். அடையவேண்டியதை அடையாத துயரத்தோடு, இனியும் பொறுக்கவொண்ணாத த்வரையும் சேர்ந்த நிலை அது. வெண்பாவும் விருத்தமும் விரவிய இந்நூலில் எம்பெருமானாரை நேரே விளித்துக் கேட்கும் கேள்விகள் மிகுதி. இன்னும் எத்தனை நாள் இவ்வுடம்போடு இருந்து நோவுபடுவேன்? என்று விடுவிப்பீர்? எப்போது திருநாட்டில் ஏற்றுவீர்? மதுரகவிகளின் முற்றுவினைகள் இருந்த இடத்தில் மாமுனிகளிடம் வினாக்கள் நிற்கின்றன.

தாய் என்னும் உவமை இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். நான்மறையாளர் தம்மைத் தாழ்வாகக் கருதி ஒதுக்கியபோது, அன்னையும் அத்தனுமாய் என்னை ஆண்டவர் சடகோபர் என்று மதுரகவிகள் மகிழ்ந்தார். மாமுனிகளும் எம்பெருமானாரை அன்னையென்றும் அத்தனென்றும் சுற்றமென்றும் அழைக்கிறார். ஆனால் அந்த அழைப்பு வருவது எத்தனை நாள் என்று கேட்கும் பாசுரத்தில். மற்றோர் இடத்தில் இன்னும் கூர்மையாகப் பேசுகிறார். குழந்தை பெருங்கிணற்றின் அருகே இருப்பதைக் கண்டும் வாளாவிருந்த தாயையே உலகம் பழிக்கும். என் அழிவு என்னாலேயே வருவதாயினும், உமக்கும் எனக்கும் உள்ள உறவை எண்ணிப் பாரும் என்பது அதன் கருத்து. மதுரகவிகள் தாயின் மடியில் இருக்கிறார். மாமுனிகள் கிணற்றின் விளிம்பில் நின்று தாயைக் கூவுகிறார். இருவருக்கும் தாய் என்பதில் ஐயமில்லை. உறவில் சிறிதும் குறைவில்லை. தொலைவு மட்டுமே கூடியிருக்கிறது.

இத்துயரத்தை நம்பிக்கையின்மை என்று கொள்வது பெரும்பிழை. ஐம்பத்தைந்தாம் பாசுரத்தைக் காண்க. தாம் பெற்றவற்றை மாமுனிகள் எட்டாக அடுக்குகிறார்: அரங்கன் அருளுக்கு இலக்கானது, திருவரங்கத்தில் வாழ்வது, நம்மாழ்வாரின் அருளிச்செயல் உணவானது, மதுரகவிகளின் சொற்படியே நிலைநின்றது, முன்னோர் மொழிகளை நினைப்பது, அவையே பொழுதுபோக்கானது, வேறொன்றில் நெஞ்சு செல்லாதது, பிறர் சிறப்பைக் கண்டு பொறாமை கொள்ளாதது. துயரத்தையே பெயராகக் கொண்ட நூலின் நடுவே இப்படியொரு மகிழ்ச்சிப் பட்டியல்! அதிலும் மதுரகவிகளின் நிலையே தமக்கும் வாய்த்தது என்கிறார். இனிமையைச் சுவைத்தவருக்கே அது நிறைவுறாமையின் வலி தெரியும். பசியறியாதவன் உணவுக்குத் துடிப்பதில்லை. ஒருமுறை உண்டு சுவையறிந்தவனின் பசியோ வேறு.

தொலைவு புதிதன்று

இனி, ஸ்ரீபெரும்பூதூருக்குத் திரும்புவோம். சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே ஒரகடம், வல்லம் வடகால் வரையிலும் இன்று தொழிற்பேட்டைகள் பரந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார் உற்பத்தி 1998இல் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. கைப்பேசியும் மின்னணுப் பாகங்களும் செய்யும் ஆலைகளும் சூழ வந்துவிட்டன. பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்களும் பெண்களும் விடுதிகளில் தங்கி, கம்பெனி பேருந்துகளில் ஏறி, ஷிப்டு முறையில் பணி செய்கிறார்கள். அவர்களுள் அடியார்களும் உண்டு. அவதார ஸ்தலத்துக்கு இவ்வளவு அருகில் வாழ்ந்தும், திருவாதிரையன்று இரவு ஷிப்டு அமைந்துவிட்டால் அவர்கள் புறப்பாட்டை ஸேவிக்க இயலாது. கடல்கடந்து வாழும் அடியாருக்கு இருக்கும் அதே தொலைவு, சில கல் தூரத்தில் பணிபுரிபவருக்கும் நேர்கிறது. அருகில் இருந்தும் காணாதிருந்த அமுதனாரின் நிலை ஒருவகை. காண விரும்பியும் கடமையால் காணமுடியாதிருக்கும் இந்நிலை மற்றொருவகை.

இத்தொலைவு நம் காலத்தில் தோன்றியதன்று என்பதற்கு அவ்வூர்த் திருக்கோயிலே சான்று. அங்கே எழுந்தருளியிருக்கும் எம்பெருமானார் திருமேனிக்குத் தானுகந்த திருமேனி என்று பெயர். எம்பெருமானார் திருவரங்கத்தில் வாழ்ந்த காலத்திலேயே, முதலியாண்டான் திருக்குமாரரான கந்தாடையாண்டான், அவதார ஸ்தலத்தில் உள்ளோர் ஸேவிப்பதற்காக இத்திருமேனியைச் செய்வித்தார் என்றும், எம்பெருமானார் அதனை உகந்து தழுவித் தம் சக்தியை அதில் வைத்தருளினார் என்றும் பெரியோர் ஸாதிப்பர். தைப்பூசத்தன்று ப்ரதிஷ்டை நடந்ததால் அந்நாள் குருபுஷ்யம் என்று இன்றும் கொண்டாடப்படுகிறது. ஆக, ஆசார்யன் நிலவுலகில் எழுந்தருளியிருந்த நாளிலேயே அவர் பிறந்த ஊரார் அவரைக் காணாது ஏங்கினார்கள். அந்த ஏக்கத்தைக் குற்றமென்று அவர் தள்ளவில்லை. அதற்கு ஒரு திருமேனியைத் தந்தருளினார். இன்று நாம் ஸேவிக்கும் திருமேனி அடியார்களின் ஆர்த்திக்குக் கிடைத்த விடையே.

பிறர் சுவையை நாம் சொல்லலாமோ?

தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்துக்கு இப்போது வருவோம். அச்சுவை நம்மிடம் இல்லாதபோது அப்பாசுரங்களை நாம் சொல்லலாமோ?

மூன்று ப்ரபந்தங்களும் தத்தம் இறுதியை நெருங்கும்போது என்ன கேட்கின்றன என்று பார்ப்போம். மதுரகவிகள், தகுதியில்லாதவரையும் திருத்திக்கொள்பவர் ஆசார்யன் என்று சொல்லி, அன்புக்காக முயல்வதாகக் கூறினார். அமுதனார் நூற்றேழாம் பாசுரத்தில், எத்தனை பிறவி எடுத்து நோயால் வருந்தினாலும், எங்கிருந்தாலும், உம் தொண்டர்களிடம் அன்புற்றிருக்கும்படி என்னை ஆக்கி, அவர்களுக்கே ஆட்படுத்தும் என்று வேண்டினார். அன்பு என்னிடம் இருக்கிறது, ஏற்றுக்கொள்ளும் என்று அவர் சொல்லவில்லை. என்னை அவ்வாறு ஆக்கும் என்கிறார். மாமுனிகளோ பதினோராம் பாசுரத்தில் வடுகநம்பியின் நிலையைத் தமக்குத் தந்தருளுமாறு வெளிப்படையாகவே கேட்கிறார்.

வடுகநம்பியின் நிலை எத்தகையது? நம்பெருமாள் திருவீதியில் புறப்பாடு கண்டருளியபோது, ஸேவிக்க வருமாறு எம்பெருமானார் அழைத்தார். எம்பெருமானாருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த வடுகநம்பி, உம் பெருமாளைக் காண நான் வந்தால் என் பெருமாளுக்கான பால் பொங்கிவிடும் என்று விண்ணப்பித்தாராம். கூரத்தாழ்வானையும் முதலியாண்டானையும்கூட, பெருமாள் ஒரு கரை, ஆசார்யன் ஒரு கரை என இருகரையில் நிற்பவர்கள் என்று அவர் கூறியதாக ஸ்ரீவசன பூஷணம் காட்டுகிறது. மதுரகவிகளின் நிலையும் இதுவே. ஆசார்யனுக்கு அருகில் இருந்து பால் காய்ச்சியவரின் அந்த நிலையை, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த மாமுனிகள் தமக்கு வேண்டுமென்று கேட்கிறார்.

இங்கேதான் விடை இருக்கிறது. பாசுரத்தின் சுவை, அதைச் சொல்வதற்கு முன்பே நம்மிடம் இருக்கவேண்டிய தகுதி அன்று; ஆசார்யன் திருவடிகளில் கேட்டுப் பெறவேண்டிய பேறு. மாமுனிகளைப் போன்றவரே அதைக் கேட்டுப் பெறும் பொருளாக வைத்திருக்கையில், அது நம்மிடம் இல்லையே என்று நாம் வாய்மூடுவது பொருந்தாது. இல்லாதவனே கேட்கவேண்டியவன். கேட்பதற்கான சொல்லும் அவர்கள் தந்ததே.

இதற்குச் சான்றாக நம் ஸம்ப்ரதாயத்தின் தொடக்கத்தையே காட்டலாம். நாலாயிரமும் வழக்கொழிந்திருந்த காலத்தில் நாதமுனிகள் திருக்குருகூர் சென்றார். மதுரகவிகளின் பரம்பரையில் வந்த பராங்குசதாஸர் அவருக்குக் கண்ணிநுண் சிறுத்தாம்பை உபதேசித்தார். நாதமுனிகள் நம்மாழ்வார் திருமுன்பே அப்பதினொரு பாசுரங்களைப் பன்னீராயிரம் முறை அநுஸந்தித்து, ஆழ்வாரின் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார். நாதமுனிகள் நம்மாழ்வாரைத் திருமேனியுடன் கண்டவரல்லர். கண்டவர் ஒருவரின் இனிமையைத் தம் நாவில் ஏற்றி, காணாத நிலையில் இருந்தபடியே பன்னீராயிரம் முறை சொன்னார். அவர் அதனை ஐயுற்று நிறுத்தியிருந்தால் இன்று நமக்கு நாலாயிரம் ஏது?

ஆர்த்தி ப்ரபந்தத்தின் இறுதிப் பாசுரமும் இதனையே வேறொரு முறையில் உறுதி செய்கிறது. திருவரங்கத்தில் இனிதிருப்பாயாக என்று அரங்கன் எம்பெருமானாருக்கு ஒரு வரம் தந்தான். நெஞ்சே, நினைத்துப் பார், அது நம்முடையதன்றோ; தந்தையின் செல்வம் மக்களைச் சேர்வதுதானே தாயமுறை என்று மாமுனிகள் முடிக்கிறார். ஐம்பத்தொன்பது பாசுரங்களில் அழுதும் கேட்டும் மகிழ்ந்தும் வந்தவர், கடைசியில் ஒரு வாரிசுதாரரின் உறுதியோடு பேசுகிறார். தந்தை தேடிய செல்வத்தை மகன் தேடவில்லை. ஆயினும் அது மகனுடையதே. அவ்வாறே மதுரகவிகளின் இனிமையும், அமுதனாரின் புகலும், மாமுனிகளின் ஆர்த்தியும் நாம் ஈட்டியவை அல்ல. ஆசார்ய ஸம்பந்தத்தினால் நமக்கு வந்த தாயப்பொருள். வாரிசு அதனை எடுத்து வழங்குவதில் பொய் ஏதும் இல்லை. எடுத்து வழங்காமல் பூட்டி வைப்பதே குறை.

அநுஸந்திக்கும் முறை

இவ்வொப்பீட்டைக் கற்றவர் அதனை நாள்தோறும் எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதற்குச் சில விண்ணப்பங்கள்.

முதலாவதாக, பொழுது குறைவாக உள்ளவர் கண்ணிநுண் சிறுத்தாம்பை நாள்தோறும் கொள்ளலாம். பதினொரு பாசுரங்களை நிதானமாகச் சொல்லச் சில நிமிடங்கள் போதும். பணிக்குச் செல்லும் பேருந்திலும் சொல்லலாம். அதைச் சொல்லும்போது ஆசார்யன் செய்த உபகாரங்களுள் ஒன்றையாவது நினைத்துக்கொள்வது நன்று. பெற்றதை எண்ணுவதே அப்ரபந்தத்தின் சுவைக்கு வாயில்.

இரண்டாவதாக, தம் குற்றங்களால் மனம் தளர்ந்த நாளில் நூற்றந்தாதியின் நாற்பத்தெட்டாம் பாசுரத்தையும், ஊரையும் கோயிலையும் பிரிந்து வருந்தும் நாளில் அறுபதாம், நூற்றாறாம் பாசுரங்களையும் பொருளுணர்ந்து சொல்லலாம். திருவாய்மொழி ஒலிக்கும் இடமெல்லாம் எம்பெருமானார் வந்து புகுகிறார் என்பது அமுதனார் தந்த உறுதிமொழி. விடுதியின் சிறு அறையில் நால்வர் கூடிச் சொன்னாலும் அவ்விடம் அப்பட்டியலில் சேர்ந்துவிடும். இப்ரபந்தத்துக்கு மாமுனிகளே சுருக்கமானதோர் உரை அருளியிருப்பதால், பொருள் கற்பதற்கு அதனைத் துணையாகக் கொள்வது சிறப்பு.

மூன்றாவதாக, ஆர்த்தி ப்ரபந்தத்தைத் துயரம் வந்தபோது மட்டும் எடுக்கும் நூலாக ஆக்கிவிடலாகாது. ஐம்பத்தைந்தாம் பாசுரத்தின் எட்டுப் பேறுகளையும் அறுபதாம் பாசுரத்தின் தாய உரிமையையும் சேர்த்தே அநுஸந்திக்க வேண்டும். அப்போதுதான் அதன் கண்ணீர் எத்தகையது என்பது விளங்கும். கைவிடப்பட்டவன் அழுவதற்கும், வீட்டுக்கு அழைத்துச் செல்லத் தந்தை வருவார் என்று வாசலில் நிற்கும் மகன் அழுவதற்கும் உள்ள வேறுபாடு அதில் தெரியும். பிள்ளைலோகம் ஜீயரின் வ்யாக்யானம் இந்நுட்பங்களைக் கற்க உதவும்.

மூன்று சுவைகளையும் ஏணிப்படிகளாக்கி, ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்று அளப்பது தேவையில்லை. கண்டவருக்கு இனிமை ஆயிற்று. திருந்தியவருக்குப் புகல் ஆயிற்று. காணாதவருக்கு ஆர்த்தி ஆயிற்று. அவரவர் நின்ற இடத்துக்கேற்ப ஒரே ஸம்பந்தம் மூன்று குரலில் பேசியது. நாம் காணாதவரின் வரிசையில் நிற்கிறோம். அவ்வரிசையில் நமக்கு முன்னே மாமுனிகள் நிற்கிறார் என்பதும், அவருக்கும் முன்னே நாதமுனிகள் நின்றார் என்பதும் நமக்கு எவ்வளவு பெரிய தேற்றம்!

இச்சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்பூதூரில் நின்று ஸேவிப்பவர்களுக்கும், ஒரகடத்தில் பணியிடத்தில் நின்றபடி மனத்தால் ஸேவிப்பவர்களுக்கும், கடல்கடந்த நாடுகளில் திருவாராதனப் பெட்டியின் முன்னே அமர்ந்து ஸேவிப்பவர்களுக்கும் தானுகந்த திருமேனியின் கடாக்ஷம் ஒன்றுபோலவே வாய்க்கட்டும்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்